களியா, சந்தகையா? ஓட்டத்துக்கு முந்தைய நாள் உணவு குறித்து வாசகர் கேள்வி-பதில்

கோயம்புத்தூரில் 2013ஆம் ஆண்டு தொடங்கி, கோயம்புத்தூர் புற்றுநோய் அறக்கட்டளையின் பணிகளுக்குத் துணையாக மாரத்தான் ஓட்டம் நடந்துவருகிறது. பெயரில் மாரத்தான் என்றிருந்தாலும் அங்கே ஓடப்படும் நீண்ட தூரம் 21.1 கிலோமீட்டர், அதாவது அரை மாரத்தான்தான், அதைத் தவிர 10 கிலோமீட்டர், 5 கிலோமீட்டர் பிரிவுகளும் உண்டு. வெளியூர்களிலிருந்து இரண்டு நாள் விடுப்பெடுத்து, ஓட்டத்தோடு கொங்கு நாட்டுச் சாப்பாட்டையும் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்புகிறவர்கள் பலர். இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அத்தகையவர்கள் எழுதியவை என்பதால், பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

அம்பத்தூர் வாசகர்: வணக்கம் அம்மா. எனக்கு வயது 38, எடை 65 கிலோ. ஓராண்டாக அரிசியைப் பெருமளவு குறைத்துக் கம்பு, கேழ்வரகு, சாமை என்று மாறியதில் எட்டுக் கிலோ எடை குறைந்தது. அந்த உற்சாகத்தில்தான் ஓடவே தொடங்கினேன். முதல் அரை மாரத்தானுக்காக வெள்ளிக்கிழமை இரவு சேரன் எக்ஸ்பிரஸில் கிளம்பிக் கோவை வருகிறேன். சனிக்கிழமை முழுவதும் கேழ்வரகுக் களி, கம்பஞ்சோறு, கொள்ளுப் பருப்பு என்று சத்தான உணவாகவே உண்டுவிட்டு ஞாயிறு அதிகாலை ஓடலாம் என்பது என் திட்டம். உடன் ஓடும் நண்பர்களோ, முந்தைய நாள் வெள்ளைச் சோறுதான் சாப்பிட வேண்டும் என்கிறார்கள். ஓராண்டாகக் காத்த ஒழுங்கை ஓட்டத்துக்காக விடுவதா?

பதில்: நீங்கள் கடைப்பிடித்துவரும் உணவுமுறை மிக நல்லது, எடை குறைந்ததற்கும் ஓடும் தெம்பு வந்ததற்கும் அதுவே அடிப்படை. ஆனாலும் சனிக்கிழமை ஒரு நாள் மட்டும் உங்கள் நண்பர்கள் சொல்வதைக் கேளுங்கள். காரணத்தையும் விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் காரணம் தெரியாமல் உண்ணும் சோறு உங்கள் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கும்.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட அட்டவணையின்படி, 100 கிராம் கேழ்வரகிலும் கம்பிலும் ஏறத்தாழ 11 கிராம் நார்ச்சத்து இருக்கிறது. தீட்டிய பச்சரிசியில் அது 3 கிராமுக்கும் குறைவு. மற்ற நாள்களில் உங்களுக்கு நன்மை செய்வது இந்த நார்ச்சத்துதான்: பசியை அடக்குகிறது, சர்க்கரையை மெல்ல மெல்ல இரத்தத்தில் சேர்க்கிறது, மலச்சிக்கலைத் தீர்க்கிறது. ஓடும்போது நிலைமை வேறு. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும் உடல், குடலுக்குப் போக வேண்டிய இரத்தத்தின் பெரும்பங்கைக் கால் தசைகளுக்கும் தோலுக்கும் திருப்பிவிடுகிறது. அந்த நேரத்தில் முந்தைய நாள் உண்ட நாரும், கொள்ளு போன்ற பருப்பு வகைகளில் உள்ள எளிதில் செரிக்காத சர்க்கரைகளும் பெருங்குடலில் கிடந்தால், ஒவ்வொரு அடிக்கும் ஏற்படும் குலுக்கலும் சேர்ந்து வயிற்றைப் பிடிக்கும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஓட்டத்துக்கு முந்தைய இரவு, உறவினர் வீட்டில் களியும் கொள்ளுப் பருப்பும் நல்லெண்ணெயும் அத்தனை ருசியாக இருந்தன. நல்ல உணவுதானே என்று வயிறு நிறைய உண்டேன். பதின்மூன்றாவது கிலோமீட்டரில் அடிவயிறு இறுகத் தொடங்கியது. ஒரு பெட்ரோல் பங்கில் கழிப்பறையைத் தேடிப் போய், மீண்டும் சாலைக்கு வந்தபோது இருபது நிமிடம் கழிந்திருந்தது. மீதித் தூரத்தை நடந்தும் ஓடியும் முடித்தேன். நான்கு மாதப் பயிற்சி அந்த ஒரு வேளைச் சாப்பாட்டால் கலைந்தது என்ற வருத்தம் எனக்கு நெடுநாள் இருந்தது. உங்களுக்கு அது நேரக் கூடாது.

இரண்டாவது காரணம், உடலின் எரிபொருள் இருப்பு. ஓடும்போது தசைகள் முதன்மையாக நம்பியிருப்பது கிளைக்கோஜன் என்ற சேமிப்பு மாவுச்சத்தை. தசைகளில் சுமார் 300 முதல் 500 கிராம் வரையிலும், கல்லீரலில் 100 கிராம் அளவிலும் அது தங்கியிருக்கும். ஒரு கிலோமீட்டர் ஓட, ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகும் என்பது ஓட்டக்காரர்களின் பொதுக் கணக்கு. அப்படிப் பார்த்தால் 65 கிலோ எடையுள்ள உங்களுக்கு 21.1 கிலோமீட்டருக்கு 1,370 கலோரி தேவை. சேமிப்பு நிறைந்திருந்தால் கடைசி வரை கால் நகரும். பாதி நிறைந்த நிலையில் தொடங்கினால் பதினைந்து, பதினாறாவது கிலோமீட்டரில் தொடை கனத்துவிடும். ஓராண்டாக மாவுச்சத்தைக் குறைத்து உண்ணும் உங்களுக்கு இந்த எச்சரிக்கை மற்றவர்களைவிடக் கூடுதலாகப் பொருந்தும்.

ஆகவே ஓட்டத்துக்கு முந்தைய ஒன்றரை நாளில், நாளொன்றுக்கு ஒரு கிலோ எடைக்கு 7 கிராம் அளவிலாவது மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். நெடுந்தூரப் போட்டி ஓட்டக்காரர்களுக்கு 10 முதல் 12 கிராம் வரை பரிந்துரைப்பார்கள்; உங்களுக்கு அவ்வளவு வேண்டியதில்லை. 7 கிராம் என்றாலே ஒரு நாளைக்கு 455 கிராம் வருகிறது. 100 கிராம் அரிசியில் 78 கிராம் மாவுச்சத்து இருப்பதால், மூன்று வேளைக்கும் சேர்த்து 400 கிராம் அரிசி, நான்கு வாழைப்பழம், கொஞ்சம் நாட்டுச்சர்க்கரை என்று பிரித்துக்கொண்டால் கணக்கு நிறைந்துவிடும். இதைக் களியாக உண்ண முயன்றால் ஐம்பது கிராம் நார் வயிற்றில் சேரும். நாரில்லாமை, சட்டெனச் சர்க்கரையாதல் என்று தீட்டிய அரிசியின் மேல் நாம் வழக்கமாகச் சுமத்தும் குறைகள்தாம் அந்த ஒரு நாளில் நமக்குக் கைகொடுக்கின்றன.

அதற்காக உள்ளூர் உணவைத் துறந்து பாஸ்தாவைத் தேடிப் போக வேண்டியதில்லை. கொங்கு நாட்டிலேயே, ஓட்டக்காரருக்கென்று யோசித்துச் செய்தாற்போல இரண்டு உணவுகள் இருக்கின்றன. ஒன்று, அரிசியும் பருப்பும் சாதம். அரிசியோடு கொஞ்சம் துவரம் பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம் சேர்த்துக் குழைய வேகவைப்பது. தேங்காயையும் நெய்யையும் குறைத்துக்கொண்டால் எளிதில் செரிக்கும். சனிக்கிழமை மதியம் அதைத் தயிருடன் வயிறு நிறைய உண்ணுங்கள். மற்றொன்று சந்தகை. எங்கள் பக்கத்தில் சந்தவை என்றும் சொல்வார்கள். புழுங்கலரிசியை ஊறவைத்து நைசாக ஆட்டி, இட்லித் தட்டில் ஊற்றி வேகவைத்து, ஆவி அடங்குவதற்குள் சந்தகை அச்சில் போட்டுப் பிழிய வேண்டும். என் அம்முச்சி (அம்மாவின் அம்மா) வீட்டில் முக்காலி போன்ற இரும்பு அச்சு இருந்தது. ஒருவர் அதன் காலை மிதித்து அசையாமல் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் மேலே உள்ள கைப்பிடியைச் சுற்றுவார். சூடு குறைந்தால் மாவு இறுகிவிடும், கைப்பிடி நகராது. அதனால் அடுப்படியிலிருந்து அச்சு வரை எல்லாரும் விரைந்து இயங்குவார்கள். வெள்ளை நூலாக இறங்கும் சந்தகையை வாழையிலையில் ஏந்தி, ஒரு பாதிக்கு எலுமிச்சை பிழிந்து தாளித்தும், மறு பாதிக்குத் தேங்காய்ப்பாலும் நாட்டுச்சர்க்கரையும் ஊற்றியும் தருவார்கள். சனிக்கிழமை இரவு ஏழு, ஏழரைக்குள் எலுமிச்சைச் சந்தகையை உண்டு, தேங்காய்ப்பாலில் கொழுப்பு மிகுதி என்பதால் அதை ஒரு சிறு கிண்ணத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கோவையில் சிற்றுண்டிக் கடைகள் பலவற்றில் மாலை வேளையில் சந்தகை கிடைக்கும். கிடைக்காவிட்டால் இடியாப்பமும் அதே வேலையைச் செய்யும்.

ஞாயிறு அதிகாலை, ஓட்டம் தொடங்குவதற்கு இரண்டு அல்லது இரண்டரை மணி நேரம் முன்பாக எழுந்து, நான்கு இட்லியைச் சர்க்கரை தொட்டு உண்டு, ஒரு வாழைப்பழமும் சாப்பிடுங்கள். சாம்பாரும் சட்னியும் அப்போது வேண்டாம். அந்த நேரத்தில் எந்தக் கடையும் திறந்திருக்காது. முந்தைய இரவே வாங்கி அறையில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஓட்டத்துக்கு மூன்று வாரம் முன் ஒரு நீண்ட பயிற்சி ஓட்டத்துக்கு முந்தைய நாளும் அன்று காலையும் இதே உணவை உண்டு பாருங்கள். ஓராண்டாக அரிசிக்குப் பழகாத வயிறு திடீரென அதை எப்படி ஏற்கும் என்பதை அம்பத்தூரிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

சேலம் வாசகி: அரை மாரத்தானில் ஓடும்போது உண்ண ஜெல் பாக்கெட்டுகளை வாங்கச் சொல்கிறார்கள். விலையும் அதிகம், அந்தப் பிசுபிசுப்பும் எனக்குப் பிடிக்கவில்லை. பழனி பஞ்சாமிர்தமோ கடலை மிட்டாயோ எடுத்துப்போகலாமா?

பதில்: பஞ்சாமிர்தத்தைத் தாராளமாக எடுத்துப் போகலாம்; கடலை மிட்டாய் ஓட்டத்தின் நடுவில் வேண்டாம்.

ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறவர்கள் மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து எடுத்துக்கொள்ளலாம் என்பது விளையாட்டு மருத்துவத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு. கடையில் கிடைக்கும் ஒரு ஜெல் பாக்கெட்டில் பெரும்பாலும் 20 முதல் 25 கிராம் வரை இருக்கும். அதே அளவு 30 கிராம் நாட்டுச்சர்க்கரையிலோ, ஒரு நடுத்தர வாழைப்பழத்திலோ, விதை நீக்கிய நான்கைந்து பேரீச்சம்பழத்திலோ கிடைத்துவிடுகிறது. ஜெல்லில் உள்ளதெல்லாம் எளிதில் கரையும் சர்க்கரைதான். அதைச் சுமந்து செல்வதற்கும் மெல்லாமல் விழுங்குவதற்கும் வசதியாகச் செய்திருக்கிறார்கள், அவ்வளவே.

இப்போது பஞ்சாமிர்தத்தைப் பாருங்கள். மலைவாழைப்பழம், நாட்டுச்சர்க்கரை, தேன், பேரீச்சை, கற்கண்டு, ஏலக்காய், சிறிது நெய். பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கான நாட்டுச்சர்க்கரையைக் கோயில் நிர்வாகம் ஈரோடு மாவட்டம் கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் கொள்முதல் செய்கிறது. தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் காலில் செருப்பில்லாமல் நூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்து பழனிக்கு வருகிறவர்களை நாம் ஆண்டுதோறும் பார்க்கிறோம். நெடுந்தூரம் காலால் கடக்கும் உடலுக்கு என்ன வேண்டும் என்பது இந்த நிலத்துக்குப் புதிய செய்தி இல்லை என்பதை எண்ணும்போது எனக்கு உள்ளபடியே பெருமிதமாக இருக்கிறது.

பயன்படுத்தும் முறை இதுதான். சிறிய தடித்த பிளாஸ்டிக் உறைகளில் இரண்டு மேசைக்கரண்டி அளவு நிரப்பி, வாயை இறுகக் கட்டி, இடுப்புப் பையில் இரண்டு அல்லது மூன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஏழாவது கிலோமீட்டரில் ஒன்று, பதின்மூன்றாவதில் ஒன்று, தேவைப்பட்டால் பதினேழாவதில் ஒன்று. ஒவ்வொரு முறையும் தண்ணீர் தரும் இடத்துக்குச் சற்று முன்பாக உறையின் மூலையைக் கடித்துப் பிதுக்கி உண்டு, உடனே தண்ணீர் குடிக்க வேண்டும். தண்ணீரில்லாமல் இறங்கும் அடர்த்தியான சர்க்கரை வயிற்றைப் புரட்டும். நெய் மிகுந்த பஞ்சாமிர்தம் மெதுவாகத்தான் செரிக்கும் என்பதால், வீட்டிலேயே நெய்யை ஒரு சொட்டாகக் குறைத்து, ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்துப் பிசைந்துகொள்வது இன்னும் பொருத்தம். பேரீச்சையை நன்றாக மசித்துச் சேருங்கள், ஓடும்போது திப்பி தொண்டையில் சிக்கக் கூடாது. காலி உறையைப் பையிலேயே திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள்; சாலையில் எறிவது அந்த ஊருக்கு நாம் செய்யும் அவமரியாதை.

கடலை மிட்டாயை வேண்டாம் என்றதற்குக் காரணம், நிலக்கடலையில் பாதிக்கு நெருக்கமாக எண்ணெய் இருக்கிறது, அதை மென்றும் ஆக வேண்டும். மூச்சு வாங்கும்போது மென்றால் புரையேறும். ஓடி முடித்த பிறகு அதைவிட நல்ல தின்பண்டம் இல்லை.

மதுரை கல்லூரி மாணவர்: ஓட்டத்துக்கு முன்னும் ஓடும்போதும் இளநீர் மட்டும் குடித்தால் போதுமா? நிறையத் தண்ணீர் குடிப்பது எப்போதும் நல்லதுதானே?

பதில்: இரண்டுக்குமே விடை, இல்லை என்பதுதான். இளநீரில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. வியர்வையில் நாம் இழப்பதோ பெரும்பாலும் சோடியம், அதாவது உப்பு. பொள்ளாச்சி இளநீரை ஓடி முடித்ததும் ஆசை தீரக் குடியுங்கள், கூடவே உப்பிட்ட எதையாவது உண்ணுங்கள். ஓட்டத்தின்போது, ஒரு லிட்டர் தண்ணீரில் அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக உப்பும், எலுமிச்சைச் சாறும், மூன்று நான்கு மேசைக்கரண்டி சர்க்கரையும் கலந்த பானகம் போன்றது இளநீரைவிடப் பயன் தரும்.

தாகத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பது ஆபத்து. இரத்தத்தில் உப்பின் செறிவு நீர்த்துப்போய் மூளை வீக்கம் வரை கொண்டுபோகும். 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் இரத்தத்தைப் பரிசோதித்தபோது, அவர்களில் 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் இயல்புக்குக் குறைவாக இருந்தது. ஓடும்போது உடல் எடை கூடும் அளவுக்குத் தண்ணீர் குடித்தவர்களே அவர்களில் மிகுதி. தாகம் எடுக்கும்போது சில மிடறு குடியுங்கள், அது போதும்.

தஞ்சாவூர் வாசகி: வயது 29. பத்துக் கிலோமீட்டர் ஓட்டங்களில் கலந்துகொள்கிறேன். நான்கு மாதமாக ஐந்தாவது கிலோமீட்டரிலேயே மூச்சு வாங்குகிறது. முன்பு அப்படி இல்லை. வீட்டில் எல்லாரும் கம்பு சாப்பிடு, இரும்புச்சத்து வரும் என்கிறார்கள். தினமும் ஒரு வேளை கம்பஞ்சோறுதான் உண்கிறேன். ஏன் பலனில்லை?

பதில்: முதலில் மருத்துவரிடம் சென்று ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் உள்ள இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு) இரண்டையும் பரிசோதியுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் குறைந்திருந்தால்கூட ஓடுகிறவர்களுக்கு இந்தக் களைப்பு வரலாம். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருக்கிறது. மாதவிடாய் இழப்போடு, வியர்வையில் போவதும், பாதம் தரையில் மோதுவதால் சிவப்பணுக்கள் சிதைவதும் சேர்ந்துகொள்வதால் ஓடும் பெண்களுக்குத் தேவை இன்னும் கூடுகிறது. குறைபாடு உறுதியானால் மாத்திரை வேண்டியிருக்கும்; அதை உணவால் மட்டும் ஈடுகட்டிவிடலாம் என்று காத்திருக்காதீர்கள்.

கம்பைப் பற்றி உங்கள் வீட்டார் சொல்வது உண்மைதான், 100 கிராமில் 6 மில்லிகிராம் அளவுக்கு இரும்பு இருக்கிறது. ஆனால் தானியத்தின் மேல்தோலில் உள்ள ஃபைட்டேட் என்ற பொருள் அந்த இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்வதால் குடல் எடுத்துக்கொள்வது மிகக் குறைவு. நம் வீடுகளில் கம்பை இடித்துக் காய்ச்சி, இரவு முழுவதும் புளிக்கவைத்து, காலையில் மோர் ஊற்றிக் கரைத்துக் குடித்த வழக்கத்தில் இதற்குத் தீர்வு இருக்கிறது: புளிப்பேறும்போது ஃபைட்டேட் குறைகிறது. முளைகட்டினாலும் குறையும். எனவே சுடச்சுடச் சோறாக்கி உண்பதைவிடப் புளித்த கூழாகக் குடியுங்கள். கூடவே நெல்லிக்காய்த் துண்டோ, எலுமிச்சை பிழிந்த முருங்கைக்கீரைப் பொரியலோ இருந்தால், வைட்டமின் சி இரும்பை உள்ளே இழுக்கும். உங்கள் கடிதத்தில், உண்டு முடித்ததும் டிகிரி காபி குடிக்கும் பழக்கத்தைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அதை ஒரு மணி நேரமாவது தள்ளிப்போடுங்கள். காபியிலும் தேநீரிலும் உள்ள துவர்ப்புப் பொருள்கள் இரும்பைத் தடுத்துவிடும். அசைவம் உண்பவரானால் வாரம் ஒருமுறை சிறிதளவு ஆட்டு ஈரல், கம்பு தருவதைவிட எளிதாகச் சேரும் இரும்பைத் தரும்.

நாமக்கல் வாசகர்: வயது 54. எட்டு ஆண்டாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். கோவையில் 10 கிலோமீட்டர் ஓடப் பதிவு செய்திருக்கிறேன். ஓட்டத்துக்கு முந்தைய நாள் சோறு நிறைய உண்ணச் சொல்கிறார்கள், அது எனக்கும் பொருந்துமா?

பதில்: பொருந்தாது. இந்தப் பகுதியில் மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கும் சோறு, சர்க்கரை அளவுகளை நீங்கள் பின்பற்ற வேண்டாம். 10 கிலோமீட்டருக்குத் தனியாக மாவுச்சத்தைச் சேமிக்கவும் தேவையில்லை. வழக்கமான உணவே போதும். ஆனால் சில வகை மாத்திரைகளும் இன்சுலினும் ஓடும்போது சர்க்கரையை அபாயகரமாகத் தாழ்த்திவிடும். எனவே அன்று காலை மாத்திரையை எடுப்பதா, எவ்வளவு எடுப்பது என்பதை உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். இதய மின்பதிவுப் பரிசோதனை பற்றியும் அவரிடமே கேளுங்கள். ஓடுவதற்கு முன் சர்க்கரையை அளந்து பாருங்கள், சட்டைப் பையில் குளுக்கோஸ் வைத்துக்கொள்ளுங்கள், எண் அட்டையின் பின்புறம் உங்கள் நோயையும் வீட்டாரின் தொலைபேசி எண்ணையும் எழுதிவையுங்கள். கை நடுங்கினாலோ, வியர்வை குளிர்ந்தாலோ அங்கேயே நின்றுவிடுங்கள்.

தூத்துக்குடி வாசகர்: நானும் மனைவியும் இருவருமே ஓடுகிறோம், பத்து வயது மகளும் 5 கிலோமீட்டரில் கலந்துகொள்கிறாள். ஞாயிறு இரவுதான் ஊர் திரும்புகிறோம். ஓட்டம் முடிந்த பிறகு பகல் முழுவதும் எங்களுடையது. என்ன சாப்பிடலாம், ஊருக்கு என்ன வாங்கிப் போகலாம்?

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் மகிழ்ச்சியாக இருந்தது, ஏனெனில் அம்பத்தூர்க்காரருக்கு நான் தடுத்ததையெல்லாம் உங்களுக்குப் பரிமாறலாம்.

முடித்த அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் முதல் உணவு உள்ளே போக வேண்டும். காலியான சேமிப்பைத் தசைகள் அப்போதுதான் விரைந்து நிரப்பிக்கொள்ளும். ஒரு கிலோ எடைக்கு ஒரு கிராம் மாவுச்சத்தும், இருபது கிராம் அளவு புரதமும் வேண்டும். நான் ஒவ்வொரு முறையும் செய்வதைச் சொல்கிறேன். முந்தைய நாளே ஒரு தூக்குப் போசியில் கம்பங்கூழ் வாங்கியோ, தெரிந்தவர் வீட்டில் சொல்லியோ வைத்துக்கொள்வேன். முடிவுக் கோட்டைத் தாண்டி, காலணியைக் கழற்றிவிட்டு, நிழலில் உட்கார்ந்து, கெட்டிக் கூழில் மோரை ஊற்றி, கல்லுப்புப் போட்டுக் கையாலேயே கரைத்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடிப்பேன். தண்ணீர், உப்பு, மாவுச்சத்து மூன்றும் அந்த ஒரு சொம்பில் இருக்கின்றன. குடலுக்கு இரத்தம் திரும்பிவிட்டதால் நாரும் இனித் தொல்லை தராது. புரதத்துக்கு இரண்டு அவித்த முட்டையோ, இரண்டு கைப்பிடி வேகவைத்த நிலக்கடலையோ சேர்த்துக்கொள்ளுங்கள். மகளுக்கு ஒரு கடலை மிட்டாயும் இளநீரும் போதும், குழந்தைகள் பசித்தபோது உண்பார்கள்.

மதியம் நல்ல கொங்குச் சாப்பாடு உண்ணுங்கள். கேழ்வரகுக் களி, கீரைக் கடைசல், பச்சைப்பயறு கடைந்தது, கொள்ளு ரசம். உங்கள் தென் மாவட்டத்துச் சாப்பாட்டை நினைத்துக்கொண்டு உட்கார்ந்தால் காரமும் புளியும் குறைவாகத் தோன்றும். தேங்காயும் மஞ்சளும் சின்ன வெங்காயமும்தான் இங்கே ருசியைத் தூக்கிப் பிடிப்பவை. உண்டபின் இரண்டு மணி நேரம் உறங்குங்கள். அது உணவுக்குச் சமமான மருந்து.

இடையில் காலை ஒன்பதரை, பத்து மணிக்குள் உழவர் சந்தைக்கு ஒரு நடை போய்வாருங்கள். 1999இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய திட்டம் அது, கோவையில் ஆர்.எஸ்.புரத்திலும் சிங்காநல்லூரிலும் இருப்பவை பெரியவை. விளைவித்தவரே தராசைப் பிடித்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருப்பதால், எந்த ஊர் மண், எப்போது பறித்தது என்று கேட்டு வாங்கலாம். விடியற்காலையில் வந்த கீரை பத்து மணிக்கு மேல் வாடத் தொடங்கும், பாதிக் கடைகள் எடுத்துவைக்கவும் ஆரம்பித்துவிடுவார்கள். ஓடிய கால்களோடு மெல்ல நடப்பது தசைப்பிடிப்பையும் தளர்த்தும்.

ஊருக்கு வாங்கிப்போக முதலில் நாட்டுச்சர்க்கரையைச் சொல்வேன். கரும்புக்கும் இந்த ஊருக்கும் பழைய உறவு: 1912இல் இங்கே தொடங்கப்பட்ட கரும்பு இனப்பெருக்க நிலையத்தில்தான் நாட்டுக் கரும்பையும் காட்டு நாணலையும் கலந்து கோ 205 என்ற வகையை உருவாக்கினார்கள். இன்றும் இந்தியா முழுவதும் கரும்பு வகைகளின் பெயரில் முன்னால் நிற்கும் 'கோ' என்பது கோயம்புத்தூர்தான். சர்க்கரை வாங்கும்போது பளிச்சென்ற மஞ்சள் நிறத்துக்கு மயங்காதீர்கள். வெள்ளைச் சர்க்கரையைக் கலந்தும் வெளுப்பு இரசாயனம் சேர்த்தும் அந்த நிறத்தைக் கொண்டுவருகிறவர்கள் இருக்கிறார்கள். மங்கிய பழுப்பு நிறத்தில், கையில் எடுத்தால் சற்று ஈரமாக ஒட்டி, வாயிலிட்டால் கரும்புச் சாற்றின் மணமும் இலேசான உப்பும் தெரிவதை வாங்குங்கள்.

அடுத்தது கம்பு. மாவாக வாங்காமல் முழுத் தானியமாகவே வாங்குங்கள். மற்ற தானியங்களைவிடக் கம்பில் எண்ணெய்ச் சத்து கூடுதல் என்பதால் அரைத்த மாவு சில நாளிலேயே காறிப்போகும். பாக்கெட்டில் மாதக்கணக்கில் கிடந்த கம்பு மாவு கசக்கிறது என்று பலர் கம்பையே வெறுத்துவிடுவதற்கு அதுதான் காரணம். இரண்டு கிலோ முழுக் கம்பை ஊருக்குக் கொண்டுபோய், கல்லும் உமியும் நீக்கி, வெயிலில் ஒரு நாள் காயவைத்து, காற்றுப் புகாத டப்பாவில் போட்டுவையுங்கள். சமைக்கும் அன்று வேண்டிய அளவை மட்டும் தண்ணீர் தெளித்துப் பத்து நிமிடம் ஊறவிட்டு, மிக்சியில் விட்டுவிட்டுச் சுற்றி, மேல்தோலைப் புடைத்துவிட்டு, உடைத்த நொய்யைக் கூழுக்கும் சோற்றுக்கும் எடுத்துக்கொள்ளுங்கள்.